செபஸ்தியம்மாள் என்கிற செபஸ்தியான்

கட்டிலின் மேல் அந்தச் சேலை கிடந்தது. மாம்பழ நிறம், பச்சைக் கரை. கடைப் பையை விட்டு இன்னும் வெளியே வரவில்லை.

கல்யாணச் சேலை தெரியும், வளைகாப்புச் சேலை தெரியும். இந்தக் குடும்பத்தில் கையெழுத்துச் சேலை என்று ஒன்று உண்டு. ‘பிறந்த வீட்டு நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று அக்காளோ தங்கையோ எழுதிக்கொடுக்கிற நாளில் உடன்பிறந்தவன் எடுத்துக் கொடுப்பது. அதைக் கட்டிக்கொண்டுதான் பத்திர ஆபீஸ் படியேற வேண்டும். யார் வைத்த முறை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கட்டாமல் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

போன வாரம் பீட்டர்ராஜ் தங்கையின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தபடி கேட்டது இதைத்தான். குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துகிற ஒருவர் திராட்சைத் தோட்டத்தையும் அதை ஒட்டிய இந்த வீட்டையும் சேர்த்துக் கேட்கிறார். மகன் சகாய பிரவீனுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விற்றால்தான் பையன் விமானம் ஏற முடியும். அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா ஜெசிந்தாவும் தங்கை அனிதா மேரியும் கையெழுத்துப் போட்டால்தான் காரியம் நடக்கும்.

அனிதா மறுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வாள்? ஐந்து வருஷத்துக்கு முன் கணவனை விட்டு, ஒரு பையும் நாலு வயது மகள் ஜோஸ்லினுமாக இதே வாசலில் வந்து நின்றபோது அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்தான். “சாப்பிட்டியா பாப்பா?” என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கு அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“சேலையக் கட்டலையா ஆத்தா?” என்றாள் ஜெசிந்தா. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே மகளைப் பார்த்தாள்.

“ரவிக்கை தைக்கலம்மா.”

“எந்த ரவிக்கையும் சேரும் அதுக்கு.”

“எனக்குச் சேராது.”

பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற காட்டன் சேலையிலேயே அனிதா நின்றாள். அவள் உத்தமபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. யார் யாரோ ராஜாக்கள் எந்த வருஷம் எந்தக் கோட்டையைப் பிடித்தார்கள் என்று பிள்ளைகளுக்குத் தப்பில்லாமல் சொல்லிக்கொடுக்கிறவள். தன் வீடு கைவிட்டுப் போகிற இன்றைய தேதி காலண்டரில் எந்தக் கிழமை என்று பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

பீட்டர்ராஜ் உள்ளே வந்தான். கட்டிலில் கிடந்த சேலையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். முகம் சுருங்கியது. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அனிதாவுக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

“கம்பத்துல எங்க வீட்டு மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டேன் பாப்பா. ஒனக்கும் ஜோஸ்லினுக்கும் அதுதான். அட்டாச்சுடு பாத்ரூம்.”

“அண்ணே, அதையும் பத்திரத்துல ஒரு வரி எழுதச் சொல்லலாமா? நாங்க இருக்குற வரைக்கும் அந்த ரூம் எங்களுக்குன்னு.”

பீட்டர்ராஜ் அவளையே பார்த்தான்.

“என்ன பாப்பா இது? அண்ணன் வாய்ப்பேச்சு பத்தாதா? அஞ்சு வருஷமா எந்தப் பத்திரத்தப் பாத்து ஒனக்குச் சோறு போட்டேன்?”

அனிதா செருப்பை மாட்டினாள்.

கார் கோயிலைத் தாண்டும்போது பீட்டர்ராஜ் ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டான். திருவிழாவுக்கு இன்னும் பதினைந்து நாள். சப்பரம் புறப்படும்போது முதல் தோள் கொடுக்கிற உரிமை செபஸ்தியான் வகையறாவுக்கு, அதாவது இவர்களுக்கு. வகையறா ஆண்கள்தான் தூக்குவார்கள். பெண்கள் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்து வரலாம்.

அந்தச் செபஸ்தியான் தாத்தா கதையைக் கேட்டு வளராத பிள்ளை இந்தக் குடும்பத்தில் கிடையாது. பெரியாறு அணை கட்டும்போது சுண்ணாம்புச் சாந்து சுமந்தவராம். இரண்டு ஆள் சுமையை ஒரே ஆளாகத் தூக்கியவராம். மலைக் காய்ச்சலில் கூட வந்தவர்களெல்லாம் செத்து விழுந்தபோது, பிழைத்து இறங்கி வந்து இந்தப் பூமியை வாங்கியவராம். அவர் மீசையைப் பற்றிக்கூட ஒரு தனிக் கதை உண்டு. புகைப்படம் மட்டும் கிடையாது.

“தாத்தா சம்பாதிச்சது. இப்ப அவரு வம்சத்துக்குப் பயன்படுது. அவரு சந்தோசப்படுவாரு” என்றான் பீட்டர்ராஜ், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

பின்சீட்டில் ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்திர ஆபீசுக்கு எதிரே சம்சுதீனின் அறை. முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். எழுதி முடித்ததை ஒரு தடவை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க மாட்டார். அது அவருடைய வழக்கம். அன்றைக்கு அந்த வழக்கம்தான் வம்பாகிப் போனது.

“உங்க கிறிஸ்தவச் சட்டத்துல மகனும் மகளும் சமம். அதனால தங்கச்சி கையெழுத்து இல்லாம எதுவும் நடக்காது” என்று அனிதாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். “வாங்குறவரோட வக்கீலு மூலப் பத்திரத்தக் கேட்டாரு. நகல் வந்திருச்சு. அதையும் ஒரு தடவ பாத்துருவோம். என்னா கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி.”

வாசித்தார்.

“ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தெட்டாம் வருஷம்... காலஞ்சென்ற அருளப்பன் பெண்சாதி செபஸ்தியம்மாளுக்கு... எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம்...”

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“செபஸ்தியான்னுல்ல சொன்னீக?”

“ஆமா, செபஸ்தியான்தான். பட்டாவுல அப்படித்தான இருக்கு?” என்றான் பீட்டர்ராஜ்.

“பட்டாவுல அப்படித்தான் இருக்கு. இதுல செபஸ்தியம்மாள்னு இருக்கு. அருளப்பன் பெண்சாதின்னு வேற இருக்கு.” சம்சுதீன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “பெறகு நெலம் அளக்க வந்தவுக பட்டாவுல பேர் ஏத்தயில ‘யம்மா’வ ‘யா’ன்னு சுருக்கி, கடைசி ‘ள்’ள ‘ன்’னாக்கிட்டாக போல.”

ஒரு பெண்ணை ஆணாக்க அரசாங்கத்துக்கு இரண்டு எழுத்துப் போதும். அதற்கு மீசை வைத்துவிட்டது குடும்பத்தார் வேலை.

அனிதா இரண்டு தாளையும் பார்த்தாள். சாந்து சுமந்தவள், காய்ச்சலில் பிழைத்தவள், மலை இறங்கி வந்து தன் பேரில் நிலம் வாங்கியவள். தாலி அறுத்த ஒருத்தி! அவள் வாங்கிய நிலத்தில்தான் ‘பொம்பளைக்குப் பங்கு கொடுக்கிற வழக்கம் நம்ம வகையறாவில் இல்லை’ என்று சொல்லிச் சொல்லி, அத்தைமாரெல்லாம் சேலை கட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுப் போனார்கள்.

சிரிப்பு வந்தது அவளுக்கு. அழுகையும் வந்தது.

“நகல்தான இது? எழுதுனவன் தப்பா எழுதியிருக்கலாம்ல?” பீட்டர்ராஜ் தாளைத் தன் பக்கம் இழுத்தான்.

“இருக்கலாம். அசல் இருந்தா தெரிஞ்சுபோகும். அசல் எங்க?”

“கரையான் அரிச்சிருச்சுன்னு அப்பா சொல்லுவாக.”

ஜெசிந்தா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சம்சுதீன் யோசித்தார். “அப்பச் சரி. இதுக்கு ஒரு வழி இருக்கு. ‘செபஸ்தியம்மாள் என்கிற செபஸ்தியான், இருவரும் ஒருவரே, எங்கள் பாட்டனார்’னு வாரிசுக எல்லாரும் ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. வக்கீலு ஒத்துக்கிருவாரு. ‘என்கிற’ போட்டா எல்லாம் சரியாப்போகும்.”

“எழுதுங்க பாய்” என்றான் பீட்டர்ராஜ் மூச்சு விட்டு.

“பாட்டனார்னா?” அனிதா கேட்டாள். “பெண்சாதின்னு அதுலயே எழுதியிருக்குண்ணே. பெண்சாதி எப்படிப் பாட்டனார் ஆவாக?”

“அது ஒரு பேச்சுக்கு பாப்பா.”

“பாய், நீங்க சொல்லுங்க. அவுக ஆம்பளையா?”

சம்சுதீன் பேனா மூடியைத் திருகினார். பொய் சொல்லவும் அவருக்கு மனசில்லை, வந்த ஆளைக் கைவிடவும் மனசில்லை.

“டீச்சரு, நீங்க சொல்றத நான் எழுதுவேன். நான் நெனைக்கிறத எழுதுறதுக்கு எனக்கு லைசென்ஸ் இல்ல.”

டோக்கன் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. உறுதிமொழி அச்சாகிக்கொண்டிருந்தபோது அனிதா அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். டீக்கடை ஓரத்தில் வேப்பமரத்து நிழல். அம்மாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை என்பதை அவள் உள்ளேயே கவனித்திருந்தாள்.

“ஒனக்குத் தெரியும்.”

ஜெசிந்தா டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லும்மா. தெரியும்தான?”

“தெரியும்.”

“எப்பருந்து?”

“கல்யாணமாகி மூணாம் மாசம். ஒங்க அப்பத்தா சொன்னாக. அவுகளுக்கு அவுக மாமியா சொன்னாகளாம். வீட்டுக்கு வந்த மருமகளுக்கு மட்டும் சொல்லுறது. பொறந்த பிள்ளைககிட்டச் சொல்லக்கூடாது.”

“ஏன்?”

“பொறந்த பிள்ளைக பங்கு கேக்கும்ல?” ஜெசிந்தா டீயை ஒரு மடக்குக் குடித்தாள். “வகையறா ஆம்பளைகளுக்குத் தலக்குனிவு, சப்பரத்துல மொதத் தோளு போயிரும்னாக. வாயக் கட்டிக்க தாயின்னாக. கட்டிக்கிட்டேன்.”

“எனக்குக்கூடவாம்மா சொல்லல?”

“சொல்லி என்ன பண்ணப்போற? நானும் சின்னமனூர்ல எங்கண்ணமாருக்கு எழுதிக் குடுத்துட்டுத்தான வந்தேன்? நீலச் சேலை. இன்னைக்கும் பெட்டியில இருக்கு. ஒரு தடவகூடக் கட்டல.”

“அப்ப இன்னைக்குப் போடாதம்மா.”

ஜெசிந்தா மகளை நிமிர்ந்து பார்த்தாள். அறுபத்துமூன்று வயது, பிரஷர், முழங்கால் வலி, ஒரே மகன். எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

“நான் போகுறதுக்கு அவன் வீடு ஒண்ணுதான் ஆத்தா. ஒனக்கும் அதுதான். கோவிச்சுக்கிட்டு எங்க போயி நிப்போம்?”

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

ஆபீஸ் படிக்குப் பக்கத்தில் சம்சுதீன் உறுதிமொழியை ஒரு அட்டையில் வைத்து நீட்டினார். பீட்டர்ராஜ் போட்டான். ஜெசிந்தா போட்டாள். பள்ளிக்கூடத்தில் கற்ற உருண்டை எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல் போட்டாள். தான் எழுதுவது பொய் என்று தெரிந்த ஒருத்தி இவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட முடியுமா என்று அனிதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனா அவள் கைக்கு வந்தது.

“பங்கு வேண்டாங்கிற விடுதலைப் பத்திரத்துல போட்டுறேன்ணே. என் பங்க எடுத்துக்க. பிரவீன் நல்லாப் படிக்கட்டும்.” அனிதா பேனாவை மூடினாள். “இதுல போட மாட்டேன்.”

“இது இல்லாம அது எதுக்கு ஆகும்? வக்கீலு ஒத்துக்கிற மாட்டாரு பாப்பா.”

“என் பங்கு என்னுது, குடுக்குறேன். அவுக பேரு என்னுது இல்லண்ணே. நான் எப்படிக் குடுக்க?”

“செத்து நூறு வருசமான பொம்பளைக்காக ஒம் மருமகன் வாழ்க்கையக் கெடுப்பியா?”

பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அனிதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. போட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கிறுக்கல். அதோடு இந்தப் பார்வைகள் எல்லாம் தீர்ந்துவிடும். அட்டையை வாங்கினாள். ‘எங்கள் பாட்டனார்’ என்ற வார்த்தை கண்ணில் பட்டது. அட்டையைச் சம்சுதீனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

டோக்கன் அடுத்த நம்பருக்குப் போனது.

திரும்பி வரும் வழியில், ஏசி காற்று முகத்தில் அடிக்க, கதவு லாக் விழுந்த காரில், மூன்று பேரும் முன்னால் போன லாரியையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமலே சொன்னான்.

“அம்மா, துணிமணிய எடுத்துக்க. நீ என் கூடக் கம்பத்துக்கு வா.”

“எதுக்குய்யா?”

“ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வகையறாவக் கூட்டுறேன். டீச்சரம்மா அங்கன வந்து சொல்லட்டும், நம்ம தாத்தா பொம்பளைன்னு. இந்த வீடு வகையறா வீடு. யாரு இருக்கணும், யாரு இருக்கக்கூடாதுன்னு வகையறா சொல்லும். அதுவரைக்கும் நீ இங்கன இருக்க வேணாம்.”

பாப்பா என்று கூப்பிட்ட வாய் டீச்சரம்மா என்று கூப்பிட்டது. அதுதான் அனிதாவுக்கு அதிகமாக வலித்தது.

அம்மா துணி எடுத்து வைத்தாள். அனிதா பிரஷர் மாத்திரை டப்பாவை எடுத்து, காலை மாலை என்று எழுதின சீட்டோடு, அம்மாவின் பைக்குள் தன் கையாலேயே வைத்து ஜிப்பை இழுத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஜெசிந்தா மட்டும் பெட்டியடியில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். பிறகு கட்டிலில் கிடந்த மாம்பழ நிறச் சேலையை எடுத்து உதறி மடித்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“அந்தச் சேலைய ஒரு தடவ பிரிச்சுப் பாரு ஆத்தா. நல்ல சேலை.”

கார் போய்விட்டது.

நாலு மணிக்கு ஜோஸ்லின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பாட்டி எங்கே என்று கேட்டாள், கம்பத்துக்கு என்றதும் சரி என்று பக்கத்து வீட்டுக்கு விளையாட ஓடினாள். அனிதா கட்டிலில் உட்கார்ந்தாள். வீடு இப்படி ஓசையில்லாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. அம்மாகூடவா போய்விட்டாள் என்ற நினைப்பு வந்தபோது, கோபத்தில் அந்தச் சேலையை எடுத்துத் தரையில் வீசினாள்.

மடிப்பு கலைந்து ஒரு காகிதம் வெளியே வந்து விழுந்தது.

பழுப்பேறிய தடித்த காகிதம். நாலாக மடித்து, மடிப்பெல்லாம் துணி ஒட்டித் தைத்திருந்தது. கரையான் அரிக்கவே இல்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி அதே கையெழுத்து. ‘அருளப்பன் பெண்சாதி செபஸ்தியம்மாளுக்கு’.

அசல்!

பின்பக்கம் திருப்பினாள். அங்கே பத்திரத்தில் இருக்கக் கூடாத சில அடையாளங்கள் இருந்தன.

முதலில் ஒரு கட்டைவிரல் ரேகை. மை பரவி அகலமாக இருந்தது. சாந்துச் சட்டி தூக்கிய விரல். பக்கத்தில் வேறு யாரோ எழுதிய எழுத்து: செபஸ்தியம்மாள். அதன் கீழே இன்னொரு ரேகை, சூசையம்மாள். அதற்கும் கீழே மூன்றாவது ஆள் ரேகை வைக்கவில்லை. கோணல் மாணலாக, ‘ம’வைத் திருப்பிப் போட்டு, தானே எழுதியிருந்தாள்: மரியபுஷ்பம். அப்புறம் கொஞ்சம் நேரான எழுத்தில் அன்னத்தாய். அது அப்பத்தா. அவளுக்குக் கீழே அந்த உருண்டை எழுத்து: ஜெசிந்தா, பத்தாம் வகுப்பு பாஸ்.

அனிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வாயைக் கட்டிக்கொண்டார்கள், ஆமாம். பொய்ப் பத்திரம் எத்தனையோ பார்த்துவிட்டு எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரியும் என்று இங்கே எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். மருமகளுக்கு மட்டும் போக வேண்டிய காகிதத்தை அம்மா இன்றைக்கு மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். காலையில் அத்தனை அழகாகப் பொய்க் கையெழுத்துப் போட்ட அதே அம்மா.

ஜெசிந்தாவின் பெயருக்குக் கீழே இரண்டு விரல்கடை இடம் மிச்சம் இருந்தது.

அனிதா கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். நாளெல்லாம் கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடு என்று துரத்தப்பட்டவள், யாரும் கேட்காத இடத்தில், காகிதத்தைத் தொடையில் வைத்து அழுத்திப் போட்டாள். அனிதா மேரி. இந்த வீட்டிலேயே பிறந்த ஒருத்தியின் பெயர் அந்தக் காகிதத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

மை காயவில்லை. ஊதிக்கொண்டிருந்தாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

காகிதத்தை எங்கே வைப்பது? பெட்டியிலா, தலையணைக்கு அடியிலா? மடித்தால் மை பரவிவிடும். வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். அந்த வாசலில்தான் இப்போது செருப்புச் சத்தம் கேட்டது.

கதவை இரண்டு தடவை தட்டினான் பீட்டர்ராஜ். குரலில் பழைய பாசமெல்லாம் திரும்ப வந்திருந்தது.

“பாப்பா, கதவத் தொற. அம்மா மாத்திரைய விட்டுட்டு வந்திருச்சு. பெட்டியில இருக்காம். நானே எடுத்துக்கிறேன்.”

மாத்திரை டப்பாவைத் தன் கையாலேயே அம்மாவின் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடியவள் அனிதா. அவன் பெட்டியில் தேட வந்தது மாத்திரையை இல்லை, இந்தக் காகிதத்தை.